புயல் துயர் துடைப்பும் நம் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, நான் கல்வியைப் பற்றியே எழுதுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். முப்பது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டியோடு வாழ்பவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? ஆயினும் கல்வியைப் பற்றி இம்மலரில் எழுத என்னினும் வல்லார் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் புயல். புயல் ஓய்ந்த மறுநாள் யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், யார் யார் அந்தப் பணியைச் செய்தார்கள் என்பதே என் ஆராய்ச்சி. இதற்கும் நம் கல்விச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவும் இளைஞர்கள் பிற்பகுதி வரையில் பொறுத்தருள வேண்டுகிறேன்.

‘சைக்ளோன்’ என்னும் சொல்லே வங்கக் கடல் உலகுக்குத் தந்த சொல்லாகும். கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், பாம்பு சுருண்டு கிடப்பதைப் போலக் காற்று சுழல்வதைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியிலிருந்து அதனை ஆக்கினார். இதே சுழற்காற்றை அமெரிக்கர் ஹரிக்கேன் என்பர். சீனக் கடலோரத்தார் டைஃபூன் என்பர். பெயர்தான் வேறு. 1864ஆம் ஆண்டில் அக்டோபரில் கல்கத்தாவையும் நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அடுத்தடுத்து அழித்தன. மசூலிப்பட்டினத்தில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 30,000 பேர். அதற்குப் பின்னரே துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கம் வளர்ந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது.

கூண்டு என்பது கப்பலுக்கு. ஏரிக்கரையின் கீழே குடிசை போட்டவனுக்கு ஏது கூண்டு? அவனுக்குத் தமுக்குத்தான் எச்சரிக்கை. அந்தத் தமுக்கை இரவில் மழையில் நனைந்துகொண்டு அடித்தவனும் நம் மக்களில் ஒருவனே.

நாம் உத்திரமேரூர்க்காரர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளின் புகழை நாடெங்கும் கேட்கிறோம். நானும் பெருமையோடுதான் வகுப்பில் அதை நடத்துகிறேன். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஊர் நிருவாகம் எவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கப்பட்டிருந்தது! ஆனால் குடத்தில் பெயர் இடப்படுவதற்குரிய தகுதிகளைப் படித்துக் காட்டும்போது வகுப்பு சற்று அமைதியாகிவிடும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஓராண்டு காலனிப் பிள்ளை ஒருவன் எழுந்து, “ஐயா, நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பேரு அந்தக் குடத்துல விழுந்திருக்குமா?” என்று கேட்டான். “விழுந்திருக்காது” என்றேன். பாடநூலில் இல்லாத கேள்விக்கு அதற்கு மேல் அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கே எழுதுகிறேன்.

சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றொரு சொல் வருகிறது. கூலியின்றி ஊருக்குச் செய்தாக வேண்டிய உழைப்பு அது. ஏரியை ஆண்டவர்கள் பெயர் கல்லில் உள்ளது. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நம் பகுதியில் அண்மைக்காலம் வரையில் நீர்க்கட்டி, வெட்டியான், தலையாரி என்னும் ஊர்ப்பணிகள் பரம்பரையாக நம் மக்களிடமே இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டால் நீர்க்கட்டிக்கு உறக்கம் கிடையாது. கலங்கலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, மதகில் கசிவு உண்டா, கரையில் எலிவளை, நண்டுவளை வழியே நீர் ஊறுகிறதா என்று அரிக்கேன் விளக்கோடு கரை முழுவதும் நடக்க வேண்டும். உடைப்பு எடுத்துவிட்டால் ஆளாளுக்கு முள்ளும் வைக்கோலும் மண்ணும் சுமந்து, இடுப்பளவு நீரில் நின்று, கழி நட்டு அடைக்க வேண்டும். என் தந்தையார் அப்படி நின்றவர். ஒரு மழைக்காலத்தில் அவர் விடிய விடியக் கரையில் நின்று அடைத்த அதே இரவில், கரைக்குக் கீழே இருந்த எங்கள் குடிசையின் மண்சுவர் கரைந்து விழுந்தது. ஊர் நிலங்கள் தப்பின. எங்களுக்குச் சுவர் வைக்கத் தை மாதம் ஆயிற்று.

அக்குடிசை ஏன் தாழ்வில் இருந்தது என்பதும் வரலாறுதான். 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையை நம் இளைஞர்கள் பஞ்சமி நிலத்தின் பொருட்டு அறிவர். அதனால் 1892இல் நில ஒப்படை ஆணை பிறந்தது. அதே அறிக்கை, குடியிருக்கும் மனை கூட நம் மக்களுக்கு உறுதியாக இல்லை என்பதையும் எடுத்துரைத்தது. மேட்டு மனை ஊருக்கு. வடிகாலை ஒட்டிய பள்ளம் சேரிக்கு. புயல் சாதி பார்த்து வீசுவதில்லை என்று மேடைகளில் சொல்கிறார்கள். காற்று பார்ப்பதில்லை, மெய்தான். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து வருகிறது. அந்தப் பள்ளத்தில் யார் வாழ வேண்டும் என்பதை முன்னமே சாதி பார்த்து வைத்துவிட்டது.

இனி நம் காலத்துப் புயல்களுக்கு வருவோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலைப் பாம்பன் பயணிகள் இரயிலோடு சேர்த்துத் தமிழகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. நான் சிறுவனாகக் கேள்விப்பட்ட முதற்புயல் 1977ஆம் ஆண்டினது. அவ்வாண்டு நவம்பர் 12இல் நாகைக் கடற்கரையை ஒரு புயல் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒரு வாரம் கழித்து நவம்பர் 19இல் ஆந்திரத்தின் கிருஷ்ணா ஆற்று முகத்துவாரத்தில், திவிசீமை என்னும் பகுதியில், கடல் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு எழுந்து ஊர்களுக்குள் புகுந்தது. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 10,000 உயிர்கள் பலியாயின. மாண்டவர்களில் குடிசைவாழ் விவசாயக் கூலிகளும் மீனவர்களும் ஏராளம். என்.டி. ராமாராவும் நாகேசுவர ராவும் வீதியில் இறங்கி மக்களிடம் நிதி திரட்டினார்கள். அன்னை தெரசா அங்கு வந்தார். மாநில எல்லை பாராமல் பல பகுதிகளிலிருந்தும் உதவி சென்றது.

எங்கள் பள்ளியிலும் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொன்னார்கள். அப்பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இன்று அது வேறு பள்ளி, ஆசிரியர்களும் வேறு மனிதர்கள். என் தாயார் கூலியாகப் பெற்ற நெல்லைக் குத்தி எடுத்த அரிசியில் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக முடிந்து கொடுத்தார்கள். பள்ளியில் இரண்டு கோணிப்பைகள் இருந்தன. எங்கள் தெருப் பிள்ளைகளின் அரிசி இரண்டாவது பையில் விழுந்தது. யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க இந்தப் பக்கம்” என்று மட்டும் ஒருவர் சொன்னார். மாலையில் இரு பைகளும் ஒரே மாட்டு வண்டியில் ஏறின. வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கோபிப்பார்கள் என்று நினைத்தேன். “அங்க போயிக் கொட்டும்போது எது எந்த அரிசின்னு யாருக்குடா தெரியும்?” என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் பின்னாளில் நிறையப் படித்தேன். ஆனால் பையை நான் மறக்கவில்லை.

2004 டிசம்பர் 26 நிகழ்ந்தது புயலன்று, ஆழிப்பேரலை. எனினும் துயர் துடைப்பின் வரலாற்றில் அதைத் தவிர்க்க இயலாது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். உலகெங்கிலுமிருந்து தொண்டர்கள் குவிந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் வீடிழந்த மீனவ மக்களுக்கு நாள்தோறும் உணவு சமைத்து அளித்ததைத் தமிழகம் என்றும் போற்றும். தொண்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க நாகையில் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றும் ஏற்பட்டது. நன்மை நடந்தது என்பதில் ஐயமே இல்லை. அதே வேளையில், லாரி லாரியாக வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் மலை போல் கிடந்து மழையில் மக்கின. தாம் உடுக்க மாட்டாத கிழிசலைப் பிறர் உடுப்பார் என்று எண்ணுவதை ஈகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நம் மக்கள் இரண்டு இடங்களில் நின்றனர். கடலோரத்துக் கூலிகளாகவும், மீன் சுமப்பவர்களாகவும், உப்பளத் தொழிலாளராகவும் இருந்த ஆதிதிராவிடக் குடும்பங்கள் வீட்டையும் பிழைப்பையும் இழந்தன. படகு இழந்தவருக்குப் படகு என்று கணக்குப் போட்டவர்கள், படகே இல்லாதவர் இழந்தது என்ன என்று கேட்கத் தவறினார்கள். முகாம்களில் தனியே ஒதுக்கப்பட்டதையும், நிவாரணப் பொருள் மறுக்கப்பட்டதையும் அக்காலச் செய்தித்தாள்களும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளும் பதிவு செய்துள்ளன. பட்டியலில் அவர்கள் கடைசி. ஆனால் பணியில்? பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் நாகைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இடிபாட்டுக்குள் அழுகிக் கிடந்த உடல்களை எடுத்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே. தொடக்க நாட்களில் பலருக்குக் கையுறை கூட இல்லை. உயிர் பிழைத்த மீனவ மக்களை நான் குறை கூறவில்லை. ஒரே காலையில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் அவர்கள். கணக்கெழுதும் கோலை ஏந்தியவர்களையே கேட்கிறேன்.

2005இல் இந்திய நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அதன் 61ஆம் பிரிவை நம் இளைஞர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்தல் நலம். இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், மரபு, சமயம் காரணமாக வேறுபாடு காட்டலாகாது என்கிறது அது. தாலுகா அலுவலகத்து மேசை முன் நிற்கும்போது அழுகையை விட இந்த எண் பயன்படும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயா? அதே 2005 ஆகஸ்டு 29இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரைக் கத்ரீனா என்னும் ஹரிக்கேன் தாக்கியது. கரைகள் உடைந்தன. நகரை விட்டு வெளியேறுமாறு ஆணை வந்தது. கார் இல்லாத ஏழைக் கறுப்பின மக்கள் எதில் ஏறி வெளியேறுவர்? தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த அவர்களே மிகுதியாகத் துயருற்றனர். உலகின் செல்வம் மிக்க அரசு நாட்கணக்கில் தடுமாறியது. அப்பொழுது வெள்ளம் ஏறாத அல்ஜியர்சு என்னும் பகுதியில் மாலிக் ரஹீம் என்னும் கறுப்பின மனிதரும் அவருடைய தோழர்களும் ஒரு தொண்டர் அமைப்பைத் தொடங்கினர். இலவச மருத்துவமனை நடத்தினர். பாழடைந்த வீடுகளின் சேற்றை அள்ளினர். நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். தாம் அளிப்பது தருமம் ஆகாது, தோழமை என்பதே அவர்கள் கொள்கை.

வங்காள தேசத்துக் கதை இன்னும் நமக்கு அண்மையது. 1970 நவம்பர் 12இல் அங்கு வீசிய புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர். எச்சரிக்கை வானொலி வரையில் வந்தது. குடிசை வரையில் வரவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு 1972இல் ஊர்தோறும் தொண்டர் படை அமைத்தனர். ஒருவர் கையில் ஒலிபெருக்கி, ஒருவர் கையில் கொடி, மற்றொருவர் முதலுதவிப் பெட்டியோடு. இன்று அப்படையில் 70,000க்கும் மேற்பட்டோர் உள்ளனர்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். நம் தந்தையர் தமுக்கடித்துச் செய்த அதே வேலைதான். அவர்கள் அதை விரும்பி ஏற்றுச் செய்கிறார்கள், ஊர் அதற்காக அவர்களை மதிக்கிறது. வெட்டிக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாடு இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. நம் மாநிலத்தில் தண்டோரா போடும் வழக்கத்துக்கு 2022இல்தான் அரசு தடை விதித்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. நம் மாவட்டமே மிதந்தது. அப்போது நம் சங்கத்து இளைஞர்கள் உணவுப் பொட்டலம் கட்டினார்கள், அவ்வளவே. முறையான தொண்டு 2018இல்தான் தொடங்கிற்று. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னந்தோப்புகள் அழிந்தன; ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஒரு வாரத்துக்குள் நம் இளைஞர்கள் தெருத்தெருவாகத் திரட்டினார்கள். கடைவீதி வணிகர்களும் மனமுவந்து கொடுத்தனர் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். அரிசி, தார்ப்பாய், பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி என்று லாரி நிறைந்தது. ஆசிரியப் பயிற்சி பயின்ற நம் பெண்பிள்ளைகள் இருவர் சானிடரி நாப்கினும் வேண்டுமென்றனர். ஆடவர் எவருக்கும் தோன்றாத பொருள் அது. அங்கு முதலில் தீர்ந்ததும் அதுவே. பழந்துணி ஒன்று கூட ஏற்றவில்லை.

வேதாரண்யம் பக்கம் ஓர் ஊரின் நெடுஞ்சாலையில் மக்கள் லாரியை மறித்தார்கள். “இங்கயே இறக்குங்க, நாங்க பிரிச்சுக் குடுத்துக்கறோம்” என்றனர். அவர்கள் வீட்டிலும் கூரை இல்லைதான். அவர்களுக்கும் ஒரு பங்கு இறக்கினோம். ஆனால் காலனி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது; வழியெங்கும் மரங்கள். அதுவரை வந்த வண்டிகள் எல்லாம் தார்ச்சாலையோடு நின்று, அங்கேயே இறக்கிவிட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பியிருந்தன. கெட்ட எண்ணத்தால் அன்று. வண்டி அதற்கு மேல் போகாது, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் மூட்டைகளைத் தலையில் ஏற்றினார்கள். நானும் ஒரு தார்ப்பாய்க் கட்டைச் சுமந்தேன். பாதி வழியில் அதை என் மாணவன் ஒருவன் பிடுங்கிக்கொண்டான்.

நாற்பதுக்கும் மேற்பட்ட குடிசைகளில் ஒன்றுக்கும் கூரை இல்லை. ஒரு மூதாட்டி, “எந்த ஊருப் புள்ளைங்க?” என்று கேட்டார். “உத்திரமேரூர்” என்றோம். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று அடுத்துக் கேட்டார். “காலனிதாம்மா” என்றான் ஒருவன். “அதான் உள்ள வரைக்கும் வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்ட ஈரம் படாத மட்டை தேடப் போய்விட்டார்.

அரிசி இரண்டு நாளில் தீரும். நம் பிள்ளைகள் செய்த வேறொரு பணியே நிலைத்தது. முழுச் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் பகுதிச் சேதத்துக்கு 4,100 ரூபாயும் அரசு அறிவித்திருந்தது. அக்காலனியில் கணக்கெடுப்பு முழுமையாக நடைபெறவில்லை. பிறர் நிலத்தில் குடிசை போட்டவருக்குப் பட்டா இல்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இரண்டு குடும்பங்களுக்கு ஒரே ரேஷன் அட்டை. சிலருடைய அட்டைகள் தண்ணீரில் போயின. நம் பட்டதாரிப் பிள்ளைகள் நால்வர் தங்கியிருந்து, ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து, வீடு வீடாகப் பெயர், அட்டை எண், சேதம், கால்நடை இழப்பு என்று எழுதினார்கள். தனித்தனி மனுவாக்கித் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றார்கள். எல்லாருக்கும் பணம் வந்துவிடவில்லை. பலருக்கு வந்தது. வராதவர்களும் எதன் அடிப்படையில் மறுக்கப்பட்டது என்று எழுதிக் கேட்கும் நிலைக்கு வந்தனர்.

அந்நால்வரில் மூவர் நம் சங்கத்தின் மாலைநேர வகுப்பில் படித்துப் பத்தாம் வகுப்புத் தேறியவர்கள். கல்விக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்கு விடை இதுவே.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டிற்று. அப்போது சென்ற நம் பிள்ளைகள் அச்சிட்ட படிவங்களோடு சென்றனர். ஆனால் அவர்கள் திரும்பி வந்து கேட்ட கேள்வி என்னை நாணச் செய்தது: “ஐயா, நம்ம ஏரி உடைஞ்சா நம்ம காலனிக்குக் கணக்கு யாருகிட்ட இருக்கு?” யாரிடமும் இல்லை. அதற்காகவே நம் ஒன்றியத்துக் காலனிகளின் வீட்டுக் கணக்கை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எங்கே நிறைமாதப் பெண், யாருக்குப் பட்டா இல்லை, தண்ணீர் முதலில் எந்தப் பக்கம் ஏறும் என்று அதில் எழுதப்படுகிறது. ஏறும் பக்கத்தைச் சொல்ல, பழைய நீர்க்கட்டிகளில் உயிரோடு இருப்பவர்களையே உடன் அழைத்துச் செல்கிறோம். அவர்களைப் போல அது தெரிந்தவர் வேறு எவரும் இல்லை.

சில ஊர்கள் முடிந்தன; பல ஊர்கள் மீதமுள்ளன. ஐப்பசிக்குள் முடிக்க எண்ணம். வர விரும்பும் தம்பியரும் தங்கையரும் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்துக்கு வரலாம். பென்சில் கொண்டு வருக. மழையில் பேனா மை கரைந்துவிடுகிறது.